அம்மாவோடு நான்கு நாள், மூன்றரை நூதனசாலை

முதல் நாள், வெள்ளி. கண்டி

கோட்டையிலிருந்து காலை ஏழு மணி இன்டர்சிட்டி. ஜன்னலோரம் அம்மாவுக்கு. ரம்புக்கனை தாண்டி கோச்சி மூச்சிரைத்து ஏறத் தொடங்கியதும் அம்மா எப்போதும் ஒரே கேள்வி கேட்பார்: "இஞ்சின் ஒண்ணா, ரெண்டா?" இன்றைக்குக் கேட்கவில்லை. கடுகண்ணாவை வரும்வரை மீன் பணிஸைப் பிய்த்துப் பிய்த்து மடியில் வைத்துக்கொண்டிருந்தார்.

பயணத்துக்குக் காரணமே அதுதான். அம்மாவுக்கு எழுபத்தொரு வயது. ஒரு வருடமாக மறதி. அடுப்பில் பால் வைத்தது மறக்கிறது. பொழுது சாய்ந்தால், வெள்ளவத்தை வீட்டில் உட்கார்ந்துகொண்டே "வீட்டுக்குப் போகணும்" என்கிறார். பார்த்த டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, பழகிய சாமான், பழகிய இடம், பழைய பேச்சு எல்லாம் நல்லது என்றார். "அப்ப தோட்டத்துக்கே கூட்டிட்டுப் போக்கா" என்றான் தம்பி. அம்மா பிறந்த தேயிலைத் தோட்டத்தைத்தான் சொல்கிறான். அவனுக்கென்ன, கனடாவிலிருந்து சொல்கிறான். எனக்குப் பயம். போன இடத்தில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாவிட்டால் அம்மா என்ன ஆவார்? அதனால்தான் இந்தச் சுற்று வழி. முதலில் நூதனசாலைக்குள் இருக்கும் தோட்டத்தைக் காட்டுவது, தாங்கினால் நிஜத் தோட்டம்.

நூதனசாலை என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. நூதனம் என்றால் புதுமை. உலகத்தில் உள்ள பழைய சாமானையெல்லாம் அடுக்கி வைத்துவிட்டு அதற்கு 'நூதனசாலை' என்று நாம் இலங்கையில் பெயர் வைத்திருக்கிறோம். தமிழ்நாட்டு நண்பர்கள் சிரிப்பார்கள். அவர்களுடைய 'அருங்காட்சியகம்' வாய்க்குள் நுழைவதற்குள் நாங்கள் டிக்கெட் எடுத்து உள்ளே போய்விடுவோம்.

ஹந்தானைக்கு த்ரீவீல். இலங்கைத் தேயிலை நூதனசாலை இருப்பது 1925இல் கட்டிய பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள். நான்கு மாடி. 2001இல் நூதனசாலையானது. மலையில் எந்த ஸ்டோரை (தேயிலைத் தொழிற்சாலைக்கு எங்கள் பேச்சில் ஸ்டோர்) பார்த்தாலும் மேல்மாடிகளில் வரிசை வரிசையாக ஜன்னல் இருக்கும். அழகுக்காக அல்ல, கொழுந்து வாட்டக் காற்று வேண்டும் என்பதற்காக. பறித்த இலையை மேலே பரப்பி வாட வைத்து, கீழே இறக்கி உருட்டி, நொதிக்க விட்டு, சூட்டில் உலர்த்திச் சலிப்பார்கள். கனமான இயந்திரங்கள் தரைமாடியில்தான். அம்மாவின் முழங்காலுக்கும் தரைமாடிதான் சரி. பெரிய உருட்டு இயந்திரம் ஒன்றின் முன்னால் நின்று மூக்கை உறிஞ்சினார்.

"மணக்கலையே."

"இது ஓடாத ஸ்டோரும்மா."

"அதான் மணக்கலை" என்று அந்த இயந்திரத்துக்காக வருத்தப்படுகிற மாதிரி சொன்னார்.

பாடசாலைச் சுற்றுலா ஒன்று வந்திருந்தது. வெள்ளைச் சீருடையில் முப்பது சிங்களப் பிள்ளைகள். அவர்களில் ஒரு பெண்பிள்ளை அம்மாவைப் பார்த்து ஏதோ கேட்டாள். அம்மாவின் தோட்டத்துச் சிங்களம் முப்பது வருடமாகத் துருப்பிடித்துக் கிடந்தது. ஆனால் கையை நீட்டினார். கட்டைவிரல், ஆட்காட்டி விரல். நடுவில் இல்லாத ஒரு கொழுந்தைப் பிடித்து, நகம் படாமல் ஒரு சொடுக்கு. பிறகு மணிக்கட்டைத் திருப்பி, தோளுக்குப் பின்னால் இல்லாத கூடைக்குள் எறிந்தார். "தளு" என்றார். கொழுந்துக்குச் சிங்களம் அதுதான். அந்தப் பிள்ளை அதே மாதிரி செய்து பார்த்தாள், பின்னால் நின்ற நாலைந்து பேரும் செய்தார்கள். அம்மா ஒருத்தியின் கையைப் பிடித்து விரலைச் சரிபண்ணினார். அவர்களுடைய டீச்சர் போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நான் ஒரு தூணோரமாக நின்று மூக்கைச் சிந்தினேன்.

ஜேம்ஸ் டெய்லரைப் பற்றியும் அங்கே நிறைய இருக்கிறது. ஸ்கொட்லாந்துக்காரர். 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை போட்டவர். இரண்டு வருடத்தில், 1869இல், கோப்பியை இலைத்துரு நோய் பிடித்தது. பிறகு மலை முழுக்கத் தேயிலைதான். 19 ஏக்கர் யார் பெயரில் என்று வரலாறு எழுதி வைத்திருக்கிறது. காட்டை வெட்டிக் குழி தோண்டியவர்களுக்குச் செக்ரோல் என்கிற வருகைப் பதிவேட்டில் மட்டும்தான் பெயர்.

மாலையில் வேறொரு நூதனசாலை. பெயரும் ஊரும் வேண்டாம். கண்ணாடிப் பெட்டிகள், வாள்கள், பெட்டகங்கள் எல்லாம் அருமை. விளக்க அட்டைகள் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் மட்டும். "என்னா எழுதியிருக்கு?" என்று அம்மா ஒவ்வொன்றுக்கும் கேட்டார். நான் படித்துச் சொன்னேன். ஆறாவது பெட்டியோடு கேட்பதை நிறுத்திவிட்டார். அந்த மௌனத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அடையாள அட்டை கிடைப்பதற்கு முந்திய காலத்தில் கச்சேரி (மாவட்ட அரச அலுவலகம்) வாசலில் அம்மா இப்படித்தான் நிற்பார். எனக்கு அப்போது ஏழெட்டு வயது.

உட்காரவும் இடம் இல்லை. கடைசியில் காவலுக்கு நின்ற தம்பி தன்னுடைய ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டு, "வாடிவென்ன அம்மே" என்றார். அவருக்கு யாரும் பயிற்சி கொடுத்திருக்க மாட்டார்கள்.

2022 ஓகஸ்டில் சர்வதேச நூதனசாலைகள் பேரவை பிராக் நகரில் கூடி, நூதனசாலை என்றால் என்ன என்பதற்குப் புது வரைவிலக்கணம் எழுதியது. எல்லோரும் அணுகக்கூடியதாக, எல்லோரையும் உள்ளடக்கியதாக, சமூகங்களின் பங்கேற்போடு இயங்குவதாக இருக்க வேண்டும் என்று அதில் வருகிறது. வருடக்கணக்காகச் சண்டை பிடித்து எழுதிய வரிகள். நல்ல வரிகள்தான். இன்றைக்கு எனக்கு அது ஒரு ஸ்டூலும் ஒரு தமிழ் அட்டையுமாகத் தெரிந்தது.

இரண்டாம் நாள், சனி. கம்பளை, பழைய பீகொக் தோட்டம்

இன்றைய பதிவு நீளம். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

கண்டியிலிருந்து கம்பளைக்கு பஸ். இந்தக் கம்பளைப் பக்கம் சிங்ஹபிட்டியவில்தான் 1823ஐ ஒட்டி ஜோர்ஜ் பேர்ட் என்பவர் பெருந்தோட்டமாகக் கோப்பி போட்டார். நம்முடைய ஆட்கள் தென்னிந்தியாவிலிருந்து வரத் தொடங்கியதை அந்த 1823இலிருந்துதான் எண்ணுகிறோம். 2023இல் இருநூறு வருடம் என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை ஒரு நடைபயணம் போனார்கள். ஜூலை 28 தொடங்கி ஓகஸ்ட் 12 வரை. முன்னோர் நடந்த காட்டுப் பாதை அது. வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் அந்தப் பாதையிலேயே விழுந்தவர்கள் எத்தனையோ பேர். அம்மாவிடம் அப்போது தொலைக்காட்சியில் காட்டினேன். "செருப்பு போட்டிருக்காங்க, பரவாயில்ல" என்றார்.

கம்பளையிலிருந்து த்ரீவீல் பேசிக்கொண்டு நுவரெலியா வீதியில் ஏறி, பிறகு தோட்டப் பாதை. தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலை இருப்பது ஒரு பழைய லயத்தில். கண்டியிலுள்ள சமூக அபிவிருத்தி நிறுவகம் 2007இல் தொடங்கியது. பெ. முத்துலிங்கம் முன்னின்று செய்தது. துரை பங்களாவை நூதனசாலையாக்கலாம், ஸ்டோரை ஆக்கலாம். லயத்தை நூதனசாலையாக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியதே, அதற்கு நான் தொப்பி கழற்றுகிறேன். அதாவது, குளிருக்குப் போட்டிருந்த கம்பளித் தொப்பியை.

லயம் தெரியாதவர்களுக்கு: ஒரே கூரையின் கீழ் ஒட்டி ஒட்டி வரிசையாக அறைகள். ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, பத்துக்குப் பன்னிரண்டு அடி. முன்னால் ஒரு இஸ்தோப்பு, அதாவது வராந்தா. பக்கத்துக் காம்பராவில் தும்மினால் இங்கே "நூறு" சொல்லலாம். அம்மா பிறந்தது, வயசுக்கு வந்தது, பாட்டி செத்தது எல்லாம் அப்படி ஒரு காம்பராவில்.

வாசலில் அம்மா நின்றுவிட்டார். நான் பயந்தது இதற்குத்தான். கையைப் பிடித்தேன், உதறிவிட்டார். குனிந்து, தலையில் இடித்துக்கொள்ளாமல் உள்ளே போனார். இடிக்கிற உயரத்தில் நிலை இருந்ததா என்றுகூட நான் கவனிக்கவில்லை. குனிந்தது அம்மாவின் கழுத்துதான், எழுபது வருடப் பழக்கத்தில். உள்ளே ஒரு மூலையைக் காட்டி, "அடுப்பு இங்கிட்டு" என்றார். எதிர்மூலையைக் காட்டி, "அப்பாயி இங்கிட்டுதான் படுக்கும். புகை வராது." பிறகு நடுவில் நின்று ஒரு சுற்றுச் சுற்றி, "நாங்க ஒம்பது பேரு" என்றார்.

இந்த எண்ணிக்கை எனக்குத் தெரியாது. ஏழு பேர் என்றுதான் இத்தனை வருடம் நினைத்திருந்தேன். "மத்த ரெண்டு பேரு யாரும்மா?" என்று கேட்டேன். பெயர் சொன்னார். கைக்குழந்தையாகப் போன இரண்டு பெண்கள். என் சித்திகள்.

உடன் வந்து காட்டிக்கொண்டிருந்த இளைஞர் கெட்டிக்காரர். அம்மா பேசத் தொடங்கியதும் தன் பேச்சை நிறுத்திக்கொண்டார். கத்தி, கூடை, அம்மி, பித்தளைச் சாமான் என்று ஒவ்வொன்றாக "இது என்னா பாட்டி?" என்று தெரியாதவர் மாதிரி கேட்டார். அம்மா அவரைச் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, சரி, பட்டணத்துப் பிள்ளை போல என்று முடிவுபண்ணி விளக்கம் சொன்னார். "இது கவ்வாத்துக் கத்தி. பொம்பளைக்குக் குடுக்க மாட்டாங்க. ஆம்பள வேலை. கவ்வாத்து வெட்டுன மலையில நாங்க மெலாரு பொறுக்குவோம், வெறகுக்கு." மெலார் என்றால் கவ்வாத்தில் விழுந்த தேயிலைக் கிளை. எனக்கே மறந்துபோன சொல்.

பழைய காகிதங்களைப் பார்க்கையில்தான் இளைஞர் பேசினார். நாங்கள் கேட்டோம். கங்காணி ஆள் கட்டிக்கொண்டு வந்த காலம். வழிச்செலவு, அரிசி, துணி எல்லாம் ஆள் பெயரில் கடன். ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு மாற வேண்டுமானால் 'துண்டு' வேண்டும். இவன் இவ்வளவு கடன்காரன், அதைக் கட்டிவிட்டுக் கூட்டிப் போகலாம் என்று எழுதிக் கொடுக்கும் ஒரு காகிதம். ஆளை விற்கவில்லை, கடனைத்தான் கைமாற்றினார்கள் என்று துரைமார் சொல்லிக்கொள்ளலாம். 1921இல்தான் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தார்கள். 1948இல் சுதந்திரம் கிடைத்த கையோடு 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது, நாங்கள் நாடற்றவர்களானோம். 1964 ஒக்டோபரில் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்துப் போட்டார்கள். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இங்கே, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம் என்று. 1974இல் அந்த ஒன்றரை லட்சத்தையும் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். அப்பம் பிய்க்கிற மாதிரி.

"மாமா போன கோச்சி" என்றார் அம்மா.

பாட்டியின் தம்பி குடும்பம் 1972இல் போனது. நீலகிரிப் பக்கம். தமிழ்நாடு அரசு 1968இல் தாயகம் திரும்பியவர்களுக்காகத் தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை. இங்கே கொழுந்து, அங்கேயும் கொழுந்து. ஹட்டன் ஸ்டேஷனில் இந்தியா போகிறவர்களின் அழுகைக் கோச்சிக்கு வழியனுப்பப் போனதை அம்மா இதுவரை எங்களிடம் ஒரு தடவைகூட முழுதாகச் சொன்னதில்லை. இன்றைக்கு அந்த இஸ்தோப்பில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு பையனிடம் சொன்னார். மாமா பொண்ணும் அம்மாவும் ஒரே வயது. ஒரு ஜோடி வளையலில் ஆளுக்கு ஒன்று போட்டுக்கொண்டார்கள். கோச்சி நகரும்போது அவள் கையை வெளியே நீட்டி வளையலை ஆட்டினாள். அம்மாவின் வளையல் பிறகு கொழுந்து மலையில் எங்கேயோ உடைந்துபோனது.

நான் தலையிடவே இல்லை. கேட்டுவிட்டால் நின்றுவிடும் என்ற பயம்.

அழுதார். அழுத பிறகு பிளேன்டீ கேட்டார், சீனி கூடப் போட்டு. சாயந்தரம் "வீட்டுக்குப் போகணும்" என்று சொல்லவில்லை. ஒரு நாளை வைத்து நான் கணக்குப் போட மாட்டேன். ஆனாலும் இங்கே எழுதி வைக்கிறேன்.

திரும்புகிற வழியில் த்ரீவீல்காரர் ஒரு லயத்துக்குப் பக்கத்தில் நிறுத்தி ரேடியேட்டருக்கு இல்லை, தனக்குத் தண்ணீர் பிடித்தார். பீலியில் இரண்டு பெண்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார்கள். அதே நீளக் கூரை, அதே இஸ்தோப்பு, டிஷ் அன்டெனா மட்டும் புதுசு. அரை மணிக்கு முன்னால் நூதனசாலையில் பார்த்ததில் இன்றைக்கும் ஆட்கள் குடியிருக்கிறார்கள். ஏழு பேர்ச்சஸ் காணியும் தனி வீடும் கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் இப்படித்தான். வேறெந்த நாட்டிலாவது நூதனசாலைப் பொருளுக்குள் ஆள் வாடகை இல்லாமல் குடியிருந்து, கூரை ஒழுகுகிறது என்று தொழிற்சங்கத்துக்குக் கடிதம் எழுதுகிறார்களா தெரியவில்லை.

மூன்றாம் நாள், ஞாயிறு. றம்பொடை, நுவரெலியா

மழை. பஸ்ஸில் அம்மாவுக்கு வாந்தி. றம்பொடை அருவியை மூடிய ஜன்னல் வழியாகப் பார்த்தோம், அதாவது பார்க்கவில்லை. நுவரெலியாவில் அறை எடுத்து இரண்டு போர்வைக்குள் படுத்துக்கொண்டோம். இந்த ஊரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள்.

சும்மா படுத்திருந்தபோது போனில் படித்ததைச் சொல்கிறேன். 2018இல் கனடாவில், மொன்றியல் நுண்கலை நூதனசாலையும் பிரெஞ்சு பேசும் டாக்டர்களின் சங்கமும் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கின. டாக்டர் மருந்துச் சீட்டில் நூதனசாலை எழுதிக் கொடுக்கலாம், நோயாளி இலவசமாகப் போய்ப் பார்க்கலாம். அம்மாவிடம் சொன்னேன்.

"மருந்துச் சீட்டுல மியூசியமா?"

"ஆமாம்மா."

"பஸ் காசு யாரு குடுப்பா?"

இதைவிட நல்ல விமர்சனம் அந்தத் திட்டத்துக்கு எங்கேயும் வந்திருக்காது.

இன்னொன்று, 2019இல் பிரிட்டிஷ் மருத்துவ சஞ்சிகையில் வந்த ஆய்வு. இங்கிலாந்தில் ஐம்பது வயதைத் தாண்டிய 6,710 பேரைப் பதினான்கு வருடம் பின்தொடர்ந்திருக்கிறார்கள். நூதனசாலை, ஓவியக்கூடம், நாடகம், கச்சேரி என்று இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது போனவர்கள் அந்தக் காலத்தில் இறக்கும் வாய்ப்பு, போகவே போகாதவர்களைவிட 31 சதவீதம் குறைவு. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை போனவர்களுக்கு 14 சதவீதம். படித்ததும் எனக்கு வங்கிக்காரி புத்தி வேலை செய்தது: காசும் காலும் உள்ளவன்தானே நாடகத்துக்குப் போவான், அவன் எப்படியும் கொஞ்சம் கூட இருப்பான். ஆய்வாளர்கள் வருமானம், உடல்நிலை எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும் வித்தியாசம் மிச்சம் இருந்தது என்கிறார்கள். ஆனால் நூதனசாலைதான் காரணம் என்று அவர்களே அடித்துச் சொல்லவில்லை. சரி. நான் தேடுவது ஆயுள் அல்ல. ஒரு நல்ல சாயந்தரம் போதும்.

மறதி நோய் உள்ளவர்களையும் கூட இருந்து பார்ப்பவர்களையும் சேர்த்தே அழைத்துப் படங்களின் முன் உட்கார வைத்துப் பேசுவதை நியூயோர்க்கின் நவீன ஓவிய நூதனசாலை 2000களிலேயே செய்திருக்கிறது. லிவர்பூலில் 2012இல் பழைய வீட்டுச் சாமான்களை வைத்து நினைவைக் கிளறும் வேலையைத் தொடங்கியிருக்கிறார்கள். நேற்று அந்த இளைஞர் செய்ததும் அதைத்தான். அவருக்கு அது வெறும் மரியாதை.

நான்காம் நாள், திங்கள். தலவாக்கலைப் பக்கம்

தோட்டத்தின் பெயர் எழுதவில்லை. எழுதினால் ஒரு பக்கத்துச் சொந்தக்காரர்கள் "வந்துட்டு எங்க வீட்டுக்கு வரல" என்பார்கள்.

பயந்த மாதிரியே பாதி முகம் புதுசு. அம்மா பிறந்த லயத்தில் மூன்று காம்பராவுக்குக் கூரைத் தகரம் இல்லை, பூட்டிக் கிடக்கிறது. இளசுகள் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் போய்விட்டார்கள். 2024இல் நாட்சம்பளம் 1,350 ரூபாய் ஆன பிறகும் யாரும் திரும்பி வரவில்லை. ஆனால் கோயில் அதே இடத்தில். மாசியில் காமன் கூத்துப் போடும் திடலும் அங்கேயே. அம்மா திடலைப் பார்த்து, "ரதி வேசம் கட்டுன பய எங்க?" என்று கேட்டார். அந்தப் 'பய' இறந்து பதினைந்து வருடமாம். நாங்கள் கேட்டுக்கொண்டோம், அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்தத் தோட்டத்துப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்ற மாஸ்டர் ஒருவர் வீட்டுக்குக் கூட்டிப் போனார்கள். முன்னறை முழுக்கச் சாமான். தலைப்பில் சொன்ன அரை நூதனசாலை இதுதான். தோல் கிழிந்த தப்பு, வால்வு ரேடியோ, தகரப் பெட்டிகள், மட்டக்கம்பு, பிரசவத்துக்குப் போன துணைமார் வைத்திருந்த ஒரு கத்தரிக்கோல், ரேஷன் புத்தகங்கள், இந்தியா போனவர்கள் அனுப்பிய கடிதங்கள் ஒரு கட்டு. மாஸ்டர் எதையும் விலைக்கு வாங்கவில்லை. லயம் காலி பண்ணுகிறவர்கள் எறிந்துவிட்டுப் போனதை எடுத்து வைத்திருக்கிறார். "பழைய இரும்புக்காரன் வரதுக்கு முந்தி நான் போயிடுவேன்" என்றார்.

கடிதங்களைக் காட்டவில்லை. "எழுதுனவங்க புள்ளைங்க உயிரோட இருக்காங்க. கேக்காம எப்படிக் காட்டுறது?" என்றார். கொழும்பிலிருந்து ஒருவர் வந்து நல்ல விலைக்குக் கேட்டாராம், ஹோட்டல் வரவேற்பறையில் மாட்ட. கூடைகளை வேண்டுமானால் கொண்டு போ, புதுசாகவே பின்னித் தருவோம், கடிதத்தைத் தொடாதே என்று அனுப்பிவிட்டார். சமூகப் பொறுப்பு என்று பெரிய பெரிய மண்டபங்களில் மாநாடு போட்டுப் பேசுவதை மாஸ்டர் ஒரு கைலியும் மூக்குக் கண்ணாடியுமாகச் செய்துகொண்டிருக்கிறார்.

சுவரில் ஒரு கறுப்புக் கம்பளி, ஹோட்டல் கட்டிலில் போர்வை மடிப்பது போல நாலாக மடித்துத் தொங்கவிட்டிருந்தது. அம்மா பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு யாரையும் கேட்காமல் போய் அதை எடுத்தார். பூச்சி உருண்டை ஒன்று கீழே விழுந்து ஓடியது.

நீளவாக்கில் இரண்டாக மடித்தார். ஒரு மேல்மூலையை உள்பக்கமாகத் தள்ளி, விளிம்பை நெற்றிக்கு வருகிற மாதிரி விரலால் நீவி, ஒரு முனை உருவானதும் தலையில் போட்டார். இரண்டு பக்கமும் தோளிலிருந்து முழங்கால்வரை இறங்கியது. முதுகுப் பக்கம் கூடைக்கயிறு போக இடம் விட்டு, ஒரு இழுப்பு. "இதான் கொங்காணி. போர்வை கணக்கா மடிச்சுத் தொங்கவிட்டா தண்ணி உள்ள வராதா?" என்று மாஸ்டரை அதட்டினார். அவர் வாத்தியார். நாற்பது வருடம் பிள்ளைகளை அதட்டியவர். "வரும்கா, வரும்" என்றார், கையைக் கட்டிக்கொண்டு.

பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து நின்றார்கள். அவர்களுடைய அம்மாமார் இப்போது மழைக்குப் பொலித்தீன் சீட்டுத்தான் போடுகிறார்கள். கம்பளிக் கொங்காணியை இவர்கள் பார்த்ததில்லை. ஒரு பையன் தனக்கும் போட்டுவிடச் சொன்னான். அம்மா போட்டுவிட்டார். உள்ளே அவன் காணாமல் போனான். இடுப்புக்குப் படங்கு எப்படிக் கட்டுவது, கொங்காணி நனைந்தால் என்ன கனம் கனக்கும், அட்டைப்பூச்சிக்கு எதைத் தடவுவது, மழை நாளில் கங்காணி எங்கே நிற்பான் (மரத்தடியில்) என்றெல்லாம் ஒரு மணி நேரம் பேச்சு. மாஸ்டர் ஒரு சிஆர் கொப்பியில் எழுதினார். எழுதி முடித்து, பக்கத்தின் கீழே 'சொன்னவர்' என்று போட்டு, அம்மாவின் பெயரையும் லயத்து இலக்கத்தையும் எழுதி, அம்மாவிடம் காட்டிப் படித்து, "சரியாக்கா?" என்று கேட்டார்.

அம்மாவுக்கு எழுத்து வாசிக்க வராது. கொப்பியைக் கையில் வாங்கி, கொஞ்சம் தள்ளிப் பிடித்து, படிக்கிறவர் மாதிரி பார்த்துவிட்டு, "லயத்து நம்பர் பதினொண்ணு இல்ல, ஒம்பது" என்றார். மாஸ்டர் அடித்துத் திருத்தினார்.

ஹட்டனிலிருந்து ராத்திரி பஸ். கினிகத்தேனை வளைவுகளில் எல்லோரும் தூக்கம். நான் மாத்திரைப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். மத்தியானக் குளிசை அப்படியே இருந்தது. பேச்சு சுவாரசியத்தில் நான்தான் கொடுக்க மறந்திருக்கிறேன்.

அவிசாவளை தாண்டும்போது அம்மா கண் விழித்து, என் கையைத் தட்டினார்.

"அந்த வாத்தியாரு திரும்பவும் நாலா மடிச்சு வெச்சிருப்பாரோ?"

"மாட்டாரும்மா. எழுதி வெச்சிருக்காரே."

"எதுக்கும் போன் பண்ணிக் கேளு."

நாளைக்குக் கேட்க வேண்டும்.